ஆண் ஈ இல்லாத குப்பி: சார்லோட் ஆவர்பாக்கும் கடுகு வாயுவும்

ஒரு கண்ணாடிக் குப்பி. அடியில் சோள மாவுக் கூழ், வாயில் பஞ்சு. உள்ளே ஐம்பது அறுபது பழ ஈக்கள். கை லென்ஸை வைத்துப் பார்த்தால் எல்லாமே பெண். வயிற்று நுனி கறுத்த ஆண் ஈ ஒன்றுகூட இல்லை. பார்த்து முடிக்க அரை நிமிடம் போதும். ஆனால் இந்தக் குப்பியில் உள்ள ஈக்களின் தாய்வழித் தாத்தாவுடைய விந்தணு ஒன்றில், எக்ஸ் குரோமோசோமின் ஏதோ ஓரிடத்தில், உயிரைப் பறிக்கும் அளவுக்கு ஒரு மரபணு பழுதாகியிருக்கிறது என்பதை அந்த அரை நிமிடம் சொல்லிவிடும்.

1940 நவம்பரில் தொடங்கி எடின்பரோவில் ஒரு பெண் இப்படி ஆயிரக்கணக்கான குப்பிகளைப் பார்த்தார். ஒரு வேதிப்பொருளும் மரபணுவை மாற்றக்கூடும் என்பதற்கு மறுக்க முடியாத சான்று அங்கிருந்துதான் வந்தது. அவர் சார்லோட் ஆவர்பாக். தெரிந்தவர்களுக்கு லோட்டே. இந்தக் கண்டுபிடிப்பைப் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாகக் கடுகு வாயுவைத்தான் முன்னால் வைப்பார்கள். போரும் நச்சு வாயுவும் ஆராய்ச்சியும் சேர்ந்தால் கதை விறுவிறுப்பாகத்தான் இருக்கும். ஆனால் வாயு பாதிக் கதைதான். எதை எண்ண வேண்டும், எப்படி எண்ண வேண்டும், எங்கே எண்ணிக்கை ஏமாற்றும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மீதிப் பாதி அதுதான், பெரிய பாதியும் அதுதான்.

ஆவர்பாக் 1899 மே 14 அன்று ஜெர்மனியின் கிரேஃபெல்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். வீட்டுக்கு ஒரே பிள்ளை. அப்பா வேதியியலாளர். தாத்தா லியோபோல்ட் ஆவர்பாக் உடற்கூறு அறிஞர். குடல் சுவரின் தசை அடுக்குகளுக்கு நடுவே ஓடும் நரம்புப் பின்னலுக்கு மருத்துவ மாணவர்கள் இன்றும் ஆவர்பாக் பின்னல் என்றே பெயர் சொல்லிப் படிக்கிறார்கள். லோட்டே வூர்ட்ஸ்பர்க், ஃபிரைபர்க், பெர்லின் பல்கலைக்கழகங்களில் உயிரியலும் வேதியியலும் படித்து, தேர்வெழுதிப் பள்ளி ஆசிரியை ஆனார். 1928இல் பெர்லினில் கைசர் வில்ஹெல்ம் உயிரியல் நிறுவனத்தில் ஓட்டோ மங்கோல்டிடம் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தார். தலைப்பைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, என் மாணவி நான் சொன்னதைச் செய்தால் போதும் என்ற வகையில் பதில் வந்தது. பின்னாளில் நாஜிக் கட்சியோடு நின்ற மனிதர் அவர். லோட்டே ஆய்வைப் பாதியில் விட்டுவிட்டு மறுபடியும் பள்ளிக்கூடத்துக்கே போனார். அதுவும் நிலைக்கவில்லை. 1933 ஏப்ரலில் வந்த சட்டம் யூதர்களை அரசுப் பணியிலிருந்து துரத்தியபோது அவருக்கும் வேலை போனது. அம்மா சொன்னபடி நாட்டை விட்டுக் கிளம்பினார். வயது 34. கையில் முனைவர் பட்டம் இல்லை, வேலையும் இல்லை.

குடும்ப நண்பர்கள் வழியாக எடின்பரோ பல்கலைக்கழகத்தின் விலங்கு மரபியல் நிறுவனத்தில் இடம் கிடைத்தது. அதன் தலைவர் பிரான்சிஸ் குரூ. பழ ஈயின் கால்கள் எப்படி உருவாகின்றன என்று ஆராய்ந்து 1935இல் முனைவர் பட்டம் வாங்கினார். அப்போது அவருடைய மனம் கரு வளர்ச்சியில்தான் இருந்தது. சடுதிமாற்றம், அதாவது மரபணுவில் நேரும் மாற்றம், வளர்ச்சியைப் படிக்க உதவும் ஒரு கருவி, அவ்வளவுதான். அதைத் திருப்பிப்போட்டவர் ஹெர்மன் முல்லர்.

எக்ஸ் கதிர் பட்டால் பழ ஈயின் மரபணுக்கள் மாறுகின்றன என்று 1927இல் காட்டியவர் முல்லர். அவர் 1937இல் எடின்பரோவுக்கு வந்தார். புதிதாக வந்தவருக்கு லோட்டே செல்லியல் வேலை, அதாவது செல்களை நுண்ணோக்கியில் ஆராயும் வேலை, செய்து கொடுப்பார் என்று குரூ ஏற்பாடு செய்தார். அதில் எனக்கு ஈடுபாடு இல்லை என்று லோட்டே நேராகச் சொல்லிவிட்டார். முல்லர் கோபப்படவில்லை. ஈடுபாடு இல்லாத வேலையை யாரும் எனக்குச் செய்ய வேண்டாம் என்றார். கூடவே ஒரு வாதத்தையும் முன்வைத்தார்: மரபணு வளர்ச்சியில் என்ன செய்கிறது என்று அறிய வேண்டுமா, அப்படியானால் மரபணுவை மாற்றிப் பார், மாறும்போது என்ன நடக்கிறதென்று கவனி. புற்றுநோயைத் தூண்டும் சில வேதிப்பொருள்களை அவர் சொன்னபடி ஈக்களில் சோதித்தார் லோட்டே. ஒன்றும் தேறவில்லை. அந்தத் தோல்வியால் பயன் இருந்தது. குப்பி முறை கைக்குப் பழகிவிட்டது.

அந்த முறையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இது புரியாமல் ஆவர்பாக்கின் வேலை புரியாது.

மரபணு மாறியிருக்கிறதா என்று பார்க்க நேரடி வழி எதுவும் அன்று இல்லை. டி.என்.ஏ.தான் மரபுப் பொருள் என்பதே உறுதியாகாத காலம். கண் நிறம், இறக்கை வடிவம் மாறிய ஈக்களைத் தேடலாம். ஆனால் ஒரு குறிப்பிட்ட மரபணு தானாக மாறுவது லட்சத்தில் ஒன்று என்ற அளவில் நடப்பது. வாழ்நாள் போதாது. எண்ண எளிதாகவும் இருக்க வேண்டும், ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான மரபணுக்களைக் கண்காணிக்கவும் வேண்டும். முல்லர் கண்ட வழி, எக்ஸ் குரோமோசோமில் உயிர்க்கொல்லி மாற்றங்களைத் தேடுவது. பெண் ஈக்கு இரண்டு எக்ஸ். ஒன்றில் பழுது இருந்தாலும் மற்றொன்று காப்பாற்றிவிடும். ஆணுக்கு ஒரே ஒரு எக்ஸ். அதில் உயிருக்கு அவசியமான ஏதாவது ஒரு மரபணு கெட்டாலும் ஆண் பிறக்காது. எந்த மரபணு கெட்டது என்று தெரிய வேண்டியதே இல்லை. ஆண் இல்லை என்பது போதும்.

இதற்காக முல்லர் ஒரு சிறப்பு எக்ஸ் குரோமோசோமைக் கையாண்டார். பெயர் சி-எல்-பி. மூன்று எழுத்துக்கும் மூன்று வேலை. ‘பி’ என்பது பட்டைக் கண். இந்தக் குரோமோசோமைச் சுமக்கும் பெண்ணின் கண் வட்டமாக இல்லாமல் ஒடுங்கியிருக்கும், பார்த்தவுடன் பிரித்துவிடலாம். ‘எல்’ என்பது ஒரு உயிர்க்கொல்லி மரபணு. இந்தக் குரோமோசோமைப் பெறும் மகன்கள் பிறக்க மாட்டார்கள். ‘சி’ என்பது குரோமோசோமின் நீண்ட பகுதி தலைகீழாகத் திரும்பியிருப்பது. இது இருந்தால் இரண்டு எக்ஸ்களும் துண்டுகளைப் பரிமாறிக்கொண்ட முட்டையிலிருந்து ஈ பிழைத்து வராது. ‘சி’ இல்லையென்றால் சோதனையே குலைந்துவிடும். தந்தையின் எக்ஸில் உள்ள பழுது பட்டைக் கண் குரோமோசோமுக்குத் தாவும், அங்குள்ள ‘எல்’ இங்கே வரும், எது யாருடையது என்று பிரிக்க முடியாது.

சோதனை மூன்று தலைமுறை. மருந்து, அதாவது சோதிக்க வேண்டிய வேதிப்பொருள், கொடுத்த ஆண் ஈக்களைச் சி-எல்-பி பெண்களோடு சேர்க்க வேண்டும். பிறக்கும் மகள்களில் பட்டைக் கண் உள்ளவர்களை மட்டும் பொறுக்க வேண்டும். இவர்கள் ஒவ்வொருவரிடமும் தாயின் சி-எல்-பி ஒன்றும் மருந்து பட்ட தந்தையின் எக்ஸ் ஒன்றும் இருக்கும். இப்போது ஒரு மகளுக்கு ஒரு குப்பி என்று தனித்தனியாக, ஓரிரு ஆண்களோடு விட வேண்டும். கலந்து வைத்தால் எல்லாம் பாழ். ஒரு குப்பி என்றால் ஒரு விந்தணு, ஒரு எக்ஸ் குரோமோசோம். அந்த மகளுக்குப் பிறக்கும் ஆண்களில் சி-எல்-பி பெற்ற பாதி எப்படியும் சாகும். மீதிப் பாதி தாத்தாவின் எக்ஸைப் பெறும். அது நல்லபடியாக இருந்தால் குப்பியில் இரண்டு பெண்ணுக்கு ஓர் ஆண் என்ற கணக்கில் ஈக்கள் இருக்கும். அது பழுதாகியிருந்தால் ஆணே இருக்காது. இந்தக் கட்டத்தில் ஒரு வசதியும் உண்டு. மகன்களுக்கு எக்ஸ் தாயிடமிருந்துதான் வருகிறது, எனவே அந்த மகள் யாரோடு சேர்ந்தாள் என்பது பொருட்டில்லை. கூடப்பிறந்த ஆண்களோடு ஏற்கனவே சேர்ந்திருந்தாலும் கவலையில்லை.

முதல் தலைமுறையில் அந்தச் சலுகை கிடையாது. அங்கே பெண் கன்னியாக இருந்தே ஆக வேண்டும். பெண் பழ ஈ ஒருமுறை சேர்ந்தால் விந்தணுக்களைப் பைகளில் சேமித்து வைத்துப் பல நாள் பயன்படுத்தும். மருந்து படாத ஆணோடு முன்பே சேர்ந்த பெண் கலந்துவிட்டால், அவள் மகள்களிடம் இருப்பது மருந்து படாத எக்ஸ். அந்தக் குப்பிகளும் கணக்கில் ஏறி விகிதத்தைத் தாழ்த்திவிடும். ஆய்வாளர் மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்துக்கொள்வார். 25 டிகிரி செல்சியஸில் கூட்டிலிருந்து வெளிவந்த 8 மணி நேரத்துக்குள் பெண்களைப் பிரித்துவிட வேண்டும். அதனால் ஈ அறையில் காலையில் பாட்டில்களைக் காலி செய்து, மதியத்துக்குள் புதிதாக வந்தவற்றைப் பொறுக்குவார்கள். 18 டிகிரியில் வைத்தால் வளர்ச்சி மெதுவாகும், இரவு முழுக்க அவகாசம் கிடைக்கும். சற்று முன் வெளிவந்த ஈ வெளிறி, இறக்கை முழுதாக விரியாமல் இருக்கும். அடிவயிற்றில் தோல் வழியே ஒரு கரும்பச்சைப் புள்ளி தெரியும். அந்தப் புள்ளி தெரியும் பெண்ணை நம்பி எடுக்கலாம்.

அடுத்த தொல்லை, குறைந்த எண்ணிக்கை. ஒரு குப்பியில் ஆறே ஈக்கள், ஆறும் பெண் என்றால் அது உயிர்க்கொல்லியா? அவசரப்படக் கூடாது. இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில், வெறும் தற்செயலாகவே ஆறும் பெண்ணாக அமைய நூற்றுக்கு 9 வாய்ப்பு உண்டு. பத்து ஈக்கள் என்றால் அது 2க்குக் கீழே போகும். இருபது என்றால் பத்தாயிரத்தில் 3. ஆகவே ஈக்கள் போதாத குப்பியை ஒதுக்க வேண்டும், அல்லது அதன் வட்டக் கண் மகள்களை எடுத்து இன்னொரு தலைமுறை வளர்த்துப் பழுது உண்மையா என்று உறுதிசெய்ய வேண்டும். மருந்து பட்ட ஈக்களின் குப்பிகளில் விளைச்சல் குறைவதும் சாதாரணம்தான். அதனால் இந்தக் கவனம் சோதனைக் குப்பிகளுக்குத்தான் கூடுதலாகத் தேவை.

மூன்றாவது தொல்லை நுட்பமானது. ஒரே ஆணின் பல மகள்களிடம் ஒரே நேரத்தில் பழுது தெரிந்தால், அவை பல மாற்றங்களாக இருக்க வேண்டியதில்லை. விந்தணு உருவாகும் ஆதிச் செல்லிலேயே, மருந்து கொடுப்பதற்கு வெகு முன்பே, தானாக நடந்த ஒரே மாற்றம் பல விந்தணுக்களுக்குப் பங்கு போயிருக்கலாம். எந்தக் குப்பி எந்த ஆணின் வழி என்று எழுதி வைக்காதவருக்கு இது தெரியவே தெரியாது. ஒன்றை ஐந்தாக எண்ணிவிடுவார்.

இவை தவிர அன்றாட இம்சைகள். கூழில் தண்ணீர் அதிகமானால் ஈக்கள் ஒட்டிச் சாகும், குறைந்தால் கூழ் சுருங்கிக் கண்ணாடியை விட்டு விலகும், குப்பியைக் கவிழ்க்கும்போது ஈக்களோடு சேர்ந்து விழும். இன்றைய கணக்கில் ஒரு லிட்டருக்கு அகர் 6 முதல் 10 கிராம், சோள மாவு 70 முதல் 80 கிராம், ஈஸ்ட் 15 முதல் 20 கிராம், இனிப்புக்குச் சர்க்கரையோ கரும்புப் பாகோ. பூஞ்சைக்கு எதிராகப் புரோப்பியோனிக் அமிலம் 4 அல்லது 5 மில்லிலிட்டர், அதுவும் கூழ் கொதி அடங்கி 60 டிகிரிக்கு வந்த பிறகு. கொதிக்கும்போது ஊற்றினால் ஆவியாகிப் போய்விடும், நாலாம் நாள் குப்பிக்குள் பச்சைப் பூஞ்சை படரும். ஈத்தரில் மயக்கும்போது சில நொடி கூடினாலும் சாவுதான். இறக்கைகள் உடலுக்குச் செங்குத்தாக விறைத்து நின்றால் அந்த ஈ எழுந்திருக்காது. சூடு 30 டிகிரியைத் தொட்டால் ஆண்களுக்கு மலட்டுத்தன்மை வரும். எல்லாம் சரியாக நடந்தால், 25 டிகிரியில் முட்டையிலிருந்து ஈயாக 10 நாள்.

வாயுவுக்கு வருவோம். அந்தப் பெயரே பிழை. அது வாயு அல்ல, எண்ணெய் போன்ற திரவம். டைகுளோரோடைஎத்தில் சல்பைடு. 1917 ஜூலையில் ஈப்ர் போர்முனையில் முதலில் பயன்படுத்தப்பட்டது. தோலில் பட்டதும் வலிக்காது. சில மணி நேரம் கழித்துத்தான் கொப்புளம் கிளம்பும். அந்தப் புண் எளிதில் ஆறாது, ஆறியது போலிருந்து மறுபடி உடையும். எக்ஸ் கதிர்ப் புண்ணும் அப்படித்தான். எடின்பரோவின் மருந்தியல் பேராசிரியர் ஏ.ஜே. கிளார்க்கும் அவர் துறையைச் சேர்ந்த ஜே.எம். ராப்சனும் இந்த ஒற்றுமையைக் கவனித்தார்கள். இரண்டாம் உலகப் போர் தொடங்கி, அதே வாயு மறுபடி வரலாம் என்ற அச்சத்தில் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்த நேரம். புண்ணில் ஒற்றுமை இருந்தால் மரபணுவிலும் இருக்குமா? இந்தக் கேள்வி மருந்தியல் துறையில் பிறந்தது. ராப்சனின் பங்கைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. ஆனால் கேள்விக்கு விடை சொல்லும் கருவி ஈ அறையில் இருந்தது. முல்லர் 1940இல் அமெரிக்கா போய்விட்டார். கருவியைக் கையாளத் தெரிந்தவர் ஆவர்பாக்.

மருந்தியல் கட்டடத்தின் மொட்டைமாடியில் திறந்த பாத்திரத்தில் திரவத்தைச் சூடாக்கி, ஆவியை ஈக்கள் இருக்கும் அறைக்குள் விட்டார்கள். இன்றைக்கு எந்த ஆய்வகமும் நினைத்துப் பார்க்காத ஏற்பாடு. ஆவர்பாக்கின் கைகள் வெந்தன. இன்னும் பட்டால் காயம் நிரந்தரமாகிவிடும் என்று எச்சரிக்கை வந்தது. ஈக்களின் பாடும் எளிதில்லை. ஆவி கொஞ்சம் கூடினால் ஈக்கள் செத்தன, அல்லது பிழைத்தவை மலடாகின. குறைத்தால் ஒன்றும் நடக்கவில்லை. பயன்படும் அளவு அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகிய இடுக்கு. சாகாமல், மலடாகாமல், ஆனால் விந்தணு வரை நஞ்சு சென்று சேர்ந்த ஆண் ஈக்கள் வேண்டும். பல தடவை முயன்றுதான் அந்த இடுக்கைப் பிடித்தார்கள்.

1941இல் எண்ணிக்கை வந்தது. நஞ்சு படாத ஆண்களின் வழி வந்த குப்பிகளில் ஆண் இல்லாதவை நூற்றுக்கு 0.2 அளவில். ஆயிரம் குப்பி பார்த்தால் இரண்டு. நஞ்சு பட்டவற்றில் நூற்றுக்குச் சுமார் 7. ஆயிரத்துக்கு எழுபது. தற்செயல் என்று ஒதுக்க இடமே இல்லை. சேதி முல்லருக்குப் போனது. பெரிய கண்டுபிடிப்பு, கோட்பாட்டுக்கும் நடைமுறைக்கும் புதிய களம் திறந்துவிட்டது என்று பாராட்டி 1941 ஜூனில் தந்தி அடித்தார்.

உலகத்துக்குச் சொல்லத்தான் முடியவில்லை. கடுகு வாயு போர் ரகசியம். அறிக்கைகள் அரசுக்குப் போயின, இதழ்களுக்குப் போகவில்லை. போர் நடந்த காலத்தில் இருவரும் வெளியிட முடிந்தது 1944இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு சின்னக் கடிதம். அது வேறொரு பொருளைப் பற்றியது: அல்லைல் ஐசோதயோசயனேட். கடுகை அரைக்கும்போது சுருக்கென்று மூக்கில் ஏறுகிறதே, அந்தக் காரம்தான் அது. கடுகு எண்ணெயைப் பற்றி எழுதலாம், கடுகு வாயுவைப் பற்றி எழுதக் கூடாது. வாயுவின் பெயரைச் சொல்லிக் கட்டுரை வந்தது 1946இல், விரிவான கட்டுரை 1947இல் எடின்பரோ ராயல் சொசைட்டியின் இதழில். அதற்குள் சோவியத் ஒன்றியத்தில் யோசிப் ராப்போபோர்ட் ஃபார்மால்டிஹைடு ஈயில் சடுதிமாற்றம் உண்டாக்குவதைத் தனியாகக் கண்டுபிடித்து 1946இல் வெளியிட்டிருந்தார். ஜெர்மனியில் ஓல்கர்ஸ் தாவரங்களில் யூரித்தேனைக் கொண்டு 1943இலேயே குரோமோசோம் மாற்றங்களைக் காட்டியிருந்தார். யார் முதலில் என்ற கேள்வி எப்போதும் கிளம்பும். என் கணிப்பில், எண்ணிக்கையின் பலத்திலும், நஞ்சு படாத குப்பிகளோடு ஒப்பிட்ட தெளிவிலும் எடின்பரோவின் குப்பிகளுக்கு நிகர் இல்லை.

ஆவர்பாக்கை ஒரு நல்ல ஆய்வாளர் என்பதற்கு மேல் உயர்த்துவது இதற்குப் பிறகு நடந்தது. நஞ்சு மரபணுவை மாற்றுகிறது என்று அறிவித்துவிட்டு அவர் ஓய்ந்திருக்கலாம். அவர் கேட்டது, எக்ஸ் கதிர் மாற்றுவதைப் போலவேதான் மாற்றுகிறதா என்று. விடை: இல்லை.

முதல் வித்தியாசம் குரோமோசோம் முறிவில். எக்ஸ் கதிர், உயிர்க்கொல்லி மாற்றங்களோடு கூடவே குரோமோசோம்களை உடைத்துத் துண்டுகளை இடம் மாற்றி ஒட்டவும் வைக்கும். கடுகு வாயுவில் அதே அளவு உயிர்க்கொல்லிகள் கிடைத்தாலும், இடமாறிய துண்டுகள் மிகக் குறைவு. இரண்டாவது வித்தியாசம் இன்னும் விசித்திரம். எக்ஸ் கதிரில் மாறிய விந்தணுவிலிருந்து வரும் மகள் பெரும்பாலும் உடல் முழுக்க மாறியவளாக இருப்பாள். கடுகு வாயுவிலோ மகள்களில் பலர் கலப்புடல்கள்: உடலின் ஒரு பகுதி மாறியது, மறு பகுதி பழையது. இது குப்பிக் கணக்கை நேராகக் குலைக்கும். மகளின் சினைப்பையில் பாதி மட்டுமே மாறியிருந்தால், மாறாத பாதியிலிருந்து ஆண்கள் பிறப்பார்கள். குப்பியில் ஆண்கள் குறைந்திருப்பார்கள், ஆனால் இருப்பார்கள். சோதிப்பவர் ‘பழுது இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த குப்பிக்குப் போவார். ஆவர்பாக் போகவில்லை. ஆண்கள் இருந்த குப்பிகளின் மகள்களையும் எடுத்து இன்னொரு தலைமுறை சோதித்தார். மறைந்திருந்த உயிர்க்கொல்லிகள் அங்கே வெளிப்பட்டன. நஞ்சின் வேலை உடனே முடிவதில்லை, பட்ட இடம் நிலையற்றதாகி, செல்கள் பிரிந்த பின்னும் மாற்றம் தாமதமாக வெளிப்படலாம் என்று அவர் எழுதினார். 1953இல் டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் தெரிந்த பிறகு கலப்புடலுக்கு எளிய விளக்கம் கிடைத்தது: நஞ்சு ஒரு இழையை மட்டும் கெடுத்தால், இழைகள் பிரிந்து நகலாகும்போது ஒரு செல்லுக்குக் கெட்டதும் மற்றொன்றுக்கு நல்லதும் போகும். அந்த விளக்கத்துக்கு ஏழு ஆண்டு முன்பே அதன் சுவடுகளை ஈயின் உடலில் பார்த்து, கணக்கிலிருந்து தள்ளாமல் வைத்திருந்தார் அவர்.

ராப்போபோர்ட்டின் ஃபார்மால்டிஹைடையும் அவர் எடுத்துச் சோதித்தார். உணவில் கலந்து கொடுத்தபோது வளர்ந்த ஈக்களில் ஒன்றுமில்லை. புழுப் பருவத்து ஆண்களில், விந்தணு உருவாகும் ஒரு குறிப்பிட்ட ஆரம்பக் கட்டச் செல்களில் மட்டுமே அது வேலை செய்தது. அந்தக் கட்டத்தைத் தவறவிட்டுச் சோதித்தவர்களுக்கு அது பாதுகாப்பான பொருளாகத் தெரிந்திருக்கும். ஒரு பொருள் சடுதிமாற்றம் உண்டாக்குமா என்று மட்டும் கேட்டால் பதில் ஏமாற்றும். எந்தச் செல்லில், எந்தப் பருவத்தில், எந்த வழியாக உள்ளே போய் என்று சேர்த்துக் கேட்க வேண்டும். சடுதிமாற்றம் என்பது ஒரு நொடியில் நடந்து முடியும் வேதிவினை அல்ல, செல்லும் அதில் பங்கெடுக்கும் ஒரு நீண்ட நிகழ்வு என்பதே அவருடைய முதிர்ந்த நிலைப்பாடு. மூலக்கூறு உயிரியல் கொடிகட்டிப் பறந்த காலத்தில் இதைப் பழைய பேச்சு என்று பலர் நினைத்தார்கள். டி.என்.ஏ. பழுதுபார்ப்பு பற்றிப் பின்னர் தெரியவந்தவை அவர் பக்கம்தான் நின்றன.

பதவிகள் மெதுவாகத்தான் வந்தன. 1947இல் எடின்பரோ ராயல் சொசைட்டியின் கீத் பரிசும் விரிவுரையாளர் பதவியும். 1957இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர். 1959 முதல் 1969 வரை பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் அமைத்த சடுதிமாற்ற ஆய்வுப் பிரிவின் இயக்குநர். பேராசிரியர் பட்டம் 1967இல், 68 வயதில், ஓய்வுக்கு இரண்டே ஆண்டு முன்னால். உலகம் அறிந்த கண்டுபிடிப்புக்கும் அந்தப் பட்டத்துக்கும் நடுவே இருபது ஆண்டுக்கு மேல் இடைவெளி. இதைத் தாமதம் என்று மட்டும் சொன்னால் போதாது, அநீதி. 1976இல் டார்வின் பதக்கம். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு சிறுவர்களைத் தன் பிள்ளைகளாக வளர்த்தார். 1939இல் போர் வெடிப்பதற்குச் சற்று முன் அம்மாவை எடின்பரோவுக்கு வரவழைத்துத் தன்னோடு வைத்துக்கொண்டார். அணு ஆயுதங்களுக்கு எதிராக வெளிப்படையாகக் குரல் கொடுத்தார், கதிர்வீச்சு மரபணுக்களுக்கு என்ன செய்யும் என்று 1950களில் பொது வாசகர்களுக்குப் புரியும்படி எழுதினார். 1994 மார்ச் 17 அன்று எடின்பரோவில் இறந்தார். பல்கலைக்கழகத்தின் கிங்ஸ் பில்டிங்ஸ் வளாகத்தில் ஒரு சாலைக்கு அவர் பெயர் இருக்கிறது.

அவர் கையாண்ட குப்பிச் சோதனை பின்னர் உலக நாடுகளின் பாதுகாப்பு விதிகளுக்குள் நுழைந்தது. புதிய வேதிப்பொருள்களைச் சோதிக்க பழ ஈயின் எக்ஸ் உயிர்க்கொல்லிச் சோதனையை ஓ.இ.சி.டி. என்ற நாடுகளின் பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பு 1984இல் வழிகாட்டி முறையாக ஏற்றது. புதிய சோதனைகள் வந்து இதன் பயன்பாடு அருகிவிட்டதால் 2014இல் அதை நீக்கியது. ஈ அறைகளில் மட்டும் அது வேறு உருவில் உயிரோடு இருக்கிறது. 1980இல் கிறிஸ்டியானே நூஸ்லைன்-ஃபோல்ஹார்டும் எரிக் வீஷாவுஸும் ஈயின் உடல் கண்டங்களாகப் பிரிவதை ஆளும் மரபணுக்களைத் தேடி வெளியிட்ட ஆய்வு 1995இல் நோபல் பரிசு வரை போனது. அதில் மரபணுக்களைக் கெடுக்கப் பயன்பட்டது ஈ.எம்.எஸ். என்று சுருக்கமாக அழைக்கப்படும் எத்தில் மீத்தேன்சல்ஃபோனேட். கடுகு வாயுவைப் போலவே டி.என்.ஏ.யில் கார்பன் தொகுதியை ஒட்டவைக்கும் பொருள், ஆனால் மொட்டைமாடி தேவையில்லை. எட்வர்ட் லூயிஸும் பேக்கரும் 1968இல் சொன்ன முறையில் அதை ஈக்குக் குடிக்கக் கொடுக்கலாம்.

மூன்று நாள் வயதுடைய ஆண்களைச் சில மணி நேரம் பட்டினி போட வேண்டும். 1 சதவீதச் சர்க்கரைக் கரைசலில் 25 மில்லிமோலார் செறிவுக்கு ஈ.எம்.எஸ். கலந்து, மடித்த டிஷ்யூ தாளில் நனைத்துக் குப்பியின் அடியில் வைக்க வேண்டும். ஒரு நாள் விட்டால் போதும். ஈ.எம்.எஸ். தண்ணீரில் உடனே கலக்காது, எண்ணெய்ச் சொட்டாக அடியில் கிடக்கும். ஊசிக்குழாயால் திரும்பத் திரும்ப உறிஞ்சி விடாவிட்டால் சில ஈக்கள் நஞ்சையும் சில வெறும் சர்க்கரைத் தண்ணீரையும் குடிக்கும். எல்லாம் புகைபோக்கி அறைக்குள், கையுறையோடு. பட்ட பாத்திரங்களைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஒரு நாள் ஊறவைத்து நஞ்சை முறிக்க வேண்டும். பிறகு ஆண்களைப் புது உணவுக்கு மாற்றி ஒரு நாள் தேற விட்டு, கன்னிப் பெண்களோடு சேர்க்கலாம். சி-எல்-பிக்குப் பதில் இப்போது பாஸ்க் என்ற குரோமோசோம். அதில் ‘எல்’ இல்லை, அதனால் அதைச் சுமக்கும் ஆண்களும் பிழைப்பார்கள், அவற்றின் கண் ஒடுங்கி ஆப்ரிகாட் பழ நிறத்தில் இருக்கும். தாத்தாவின் எக்ஸ் நலமாக இருந்தால் சிவந்த வட்டக் கண் ஆண்களும் கூடவே இருக்க வேண்டும். பன்னிரண்டாம் பதின்மூன்றாம் நாள் குப்பியை வெளிச்சத்தில் பிடித்து, லென்ஸில் அந்தச் சிவந்த வட்டக் கண் ஆணைத் தேடுவார்கள். இல்லையென்றால், இருபதுக்கு மேல் ஈக்கள் இருக்கின்றனவா என்று எண்ணிவிட்டு, குப்பியின் மேல் எண்ணை எழுதித் தனியே எடுத்து வைப்பார்கள்.